ஒரு கட்டையா, ஏழு கட்டையா?

வணக்கம்.

பாபநாசத்துக்குப் பக்கத்து ஊரிலிருந்து எழுதுகிறேன். திருவையாறு ஆராதனையின் பஞ்சரத்ன நேரடி ஒலிபரப்பை ரேடியோவில் விடாமல் கேட்கிறவன். ஒரு வருஷமாக இணையத்தில் ஆபராவும் (மேற்கத்திய இசை நாடகம்) கேட்கிறேன், முக்கியமாக நியூயார்க் மெட்ரோபாலிடன் ஆபராவின் சனிக்கிழமை ஒலிபரப்பு. மூன்று சந்தேகங்கள். நேரம் ஏன் நடுவில் மாறிவிடுகிறது? பாஷை தெரியாமல் கதையைப் பிடிப்பது எப்படி? ‘இந்த டெனர் (உயர்ந்த ஆண் குரல் பாடகர்) சுருதி இறக்கிப் பாடிவிட்டார்’ என்று ரசிகர்கள் வம்பளக்கிறார்களே, அது நிஜமா என்று வீட்டிலிருந்தே கண்டுபிடிக்க முடியுமா?

எஸ்.

அன்புள்ள எஸ். அவர்களுக்கு,

மூன்றாவது கேள்விதான் ருசியானது. மற்ற இரண்டையும் சீக்கிரம் முடித்துவிடுவோம்.

மெட்ரோபாலிடனின் (சுருக்கமாக ‘மெட்’) சனிக்கிழமைக் காட்சி பெரும்பாலும் அங்கே பகல் 1 மணிக்கு. குளிர்காலத்தில் நமக்கு அது இரவு 11.30. மார்ச் இரண்டாம் ஞாயிறன்று அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளிவைப்பதால் 10.30 ஆகிவிடும், நவம்பர் முதல் ஞாயிறன்று பழையபடி. ஐரோப்பாவில் இந்த மாற்றம் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும்தான். நடுவே வரும் அந்த ஒன்று முதல் மூன்று வாரங்களில் இரண்டு கணக்கும் ஒத்துப்போகாது, அப்போதுதான் பலர் முதல் அங்கத்தைத் தவறவிடுகிறார்கள். ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னருடையவை மாதிரி நீளமானவை முன்கூட்டியே தொடங்கும், அந்த வார அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கொட்டாவி விடாமல் கேட்க வேண்டுமென்றால் ஜெர்மனியில் அவர் படைப்புகளுக்கென்றே நடக்கும் பைராய்ட் விழா நல்லது. ஜூலை 25 வாக்கில் தொடங்கும். நீண்ட படைப்புகள் அங்கே மாலை 4 மணிக்கு, நமக்கு 7.30. இடைவேளை ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம், சாப்பிட்டுவிட்டே வந்து உட்காரலாம். டேட்டாவும் பயப்படும் அளவுக்கு இல்லை: 128 கேபிபிஎஸ் ஒலி மணிக்கு 58 எம்பிதான்.

கதைக்கு உங்கள் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. மெலட்டூர் பாகவத மேளா நாட்டிய நாடகத்தில் பாட்டு முழுக்கத் தெலுங்கு. தெலுங்கு தெரியாதவர்களும் விடிய விடிய உட்காருகிறார்கள், பிரகலாதன் கதை தெரியும் என்பதால். ஆபராவிலும் கதையை முதலில் படித்துவிட வேண்டும். பாட்டுப் பிரதியை, அதாவது லிப்ரெட்டோவை, ஒலிபரப்பின்போது வரிக்கு வரி துரத்தாதீர்கள். இடம் தொலைந்துபோனால் பாட்டும் போய்விடும். ஒவ்வோர் அங்கத்துக்கும் முன்னால் அதன் சுருக்கத்தை மட்டும் ஒரு தடவை பாருங்கள்.

இனி சுருதி. இந்த வம்பு அதிகம் சுற்றுவது இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டியின் ‘இல் த்ரொவத்தோரே’ ஆபராவில் (1853) மூன்றாம் அங்கத்தின் கடைசியில் வரும் ‘தி குவெல்லா பீரா’ பாட்டைத்தான். அது சி மேஜர், அதாவது ஆதார சுருதி ‘சி’, நம் கணக்கில் 1 கட்டை. முடிவில் டெனர் உச்ச சி பிடிக்க வேண்டும் என்று கூட்டம் காத்திருக்கும். எட்டவில்லை என்றால் பாட்டு முழுவதையும் அரைச் சுரம் இறக்கி, பி மேஜரில், அதாவது 7 கட்டையில் பாடுவார்கள். உச்சத்தில் ‘சி’ சுரத்துக்குப் பதில் ‘பி’ விழும்.

உங்கள் சுருதிப் பெட்டியில் 1 கட்டை வைத்துக்கொள்ளுங்கள். பாட்டு ஆரம்பத்தில் வாத்தியங்கள் தாளத்தை எடுக்கும்போதே சத்தத்தைச் சன்னமாகத் திறந்து பாருங்கள். இழைந்தால் எழுதிய சுருதி. நறநறவென்று உரசினால் 7 கட்டைக்கு மாற்றுங்கள். இப்போது சேர்ந்தால் இறக்கியிருக்கிறார்கள். கடைசி உச்சத்துக்காகக் காத்திருந்து சோதிக்க வேண்டாம். அந்தப் பரபரப்பில் பாடகர் சற்று ஏற்றியே பிடிப்பார், கைதட்டலும் மேலே விழுந்துவிடும்.

இரண்டு இடத்தில் நாம் ஏமாறுவோம். ஐரோப்பிய வாத்தியக் குழுக்கள் சில ஏ சுரத்தை 440 ஹெர்ட்ஸுக்குப் பதில் 443இல் வைக்கின்றன. அது அரைச் சுரத்தில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்குதான், பெட்டியின் நுண் திருகால் சரிசெய்துகொள்ளலாம். அதை ‘ஏற்றிப் பாடினார்’ என்று நினைத்துவிடாதீர்கள். இன்னொன்று, நமக்குக் கச்சேரி முழுக்க ஒரே சுருதி. அவர்களுக்குப் பாட்டுக்குப் பாட்டு, ஒரே பாட்டுக்குள்ளேகூட ஆதாரம் நகரும். ‘தி குவெல்லா பீரா’வுக்கு முந்தைய மெதுவான பாட்டில் பெட்டி சேராது. அந்த மூன்று நிமிஷத்துக்கு மட்டும் திறந்து, மூடிவிடுங்கள்.

வேடிக்கை என்னவென்றால், அந்த உச்ச சியை வெர்டி எழுதவே இல்லை. அவர் எழுதியது ஜி. 1 கட்டையில் பாடும் நம் ஆண் பாடகருக்கு அது தாரஸ்தாயி பஞ்சமம். நம்மவர்கள் உச்சம் என்று போய் நிற்கிற அதே இடம். சி அதற்கும் மேலே, அதிதார சட்ஜம், பின்னால் வழக்கத்தில் சேர்ந்துகொண்டது. 2000 டிசம்பர் 7 அன்று மிலானின் லா ஸ்காலா ஆபரா அரங்கில், பருவத் தொடக்கத்தில் இசைக்குழு நடத்துநர் ரிக்கார்டோ முட்டி, டெனர் சால்வத்தோரே லிசித்ராவை எழுதியபடியே பாட வைத்தார். மேல்மாடத்து ரசிகர்கள் கூச்சல் போட்டார்கள். (நம்மூராக இருந்தால் தனி ஆவர்த்தனத்தின்போது காப்பிக்கு எழுந்து போவதோடு கோபம் தீர்ந்திருக்கும்.) ஆகவே ‘சி வரவில்லை’ என்ற செய்தி மட்டும் போதாது. விட்டது பாடகரா, நடத்துநரா என்று கேட்க வேண்டும்.

சுருதி இறக்குவது பெரும்பாலும் மேடையில் திடீரென்று நடப்பதும் இல்லை. வாத்தியக்காரர் ஒவ்வொருவர் முன்னாலும் இறக்கி எழுதிய தாள் இருக்க வேண்டும், முந்தைய பகுதியிலிருந்து புதிய சுருதிக்கு வந்து சேரவும் வழி செய்ய வேண்டும். ஒத்திகையிலேயே முடிவாகிற காரியம். நம் வித்வான் வயதுக்கேற்ப அரைக் கட்டை குறைத்துக்கொண்டால் யாராவது கேட்கிறோமா? என் பார்வையில் இதைவிடக் கவனிக்க வேண்டியவை இரண்டு. இரண்டாவது சரணம் பாடப்பட்டதா, வெட்டப்பட்டதா? கோரஸ் பாடும் இடத்தில் டெனர் கூடச் சேர்ந்து பாடினாரா, கடைசிச் சுரத்துக்காக மூச்சைச் சேமித்துக்கொண்டு சும்மா நின்றாரா? இரண்டும் இயர்போனில் தெளிவாகக் கேட்கும். போன் ஸ்பீக்கரில் அந்தத் தெளிவு இருக்காது.

‘குரல் சின்னது, அரங்கத்தில் எட்டவில்லை’ என்ற வம்பை மட்டும் ரேடியோவை வைத்துத் தீர்க்க முடியாது. பாடகர்கள் மைக் இல்லாமல் பாடுகிறார்கள். ஒலிபரப்புக்காக வைத்த மைக்குகள் மெல்லிய குரலையும் உங்கள் காதருகே கொண்டுவந்துவிடும். மெட் அரங்கில் ஏறக்குறைய 3,800 இருக்கைகள். கடைசி வரிசையில் உட்கார்ந்தவர் சொல்கிறாரா என்று விசாரித்துவிட்டு நம்புங்கள்.