ஆன்மா ஒன்றென்றால் நினைவு ஏன் வரவில்லை?

ஃபைனல் ஃபேண்டசி 14 என்னும் வீடியோ கேமின் நாயகன், அசெம் என்னும் பண்டைக்காலத்தவரின் ஆன்மாவோடு பிறந்தவர் என்றால், அசெமின் நினைவுகள் அவருக்கு ஏன் திரும்பவில்லை, இது கதையின் ஓட்டையா என்று கேட்டிருக்கிறீர்கள். ஓட்டை அன்று. இந்தக் கதையில் மறுபிறவி எடுப்பது ஆன்மா மட்டுமே, இறந்தவரின் நினைவுகள் ஆன்மாக்கள் சென்று சேரும் ஈதர்க் கடலிலேயே கழுவப்பட்டுவிடுகின்றன.

“அப்படியானால் ஆமோனுக்கு மட்டும் ஹெர்மிஸின் வாழ்க்கை எப்படித் தெரிந்தது?” என்று பெரம்பூர் கேமிங் சென்டரில் நண்பர் மடக்கியதாக எழுதியிருக்கிறீர்கள். ஹெர்மிஸும் ஒரு பண்டைக்காலத்தவர், ஆமோன் அவருடைய மறுபிறவி. நண்பர் குழம்பியது பெரும்பாலும் இங்கேதான்: அந்த நினைவு ஆன்மாவோடு வந்ததன்று, ஹெர்மிஸ் வகித்த ஃபேண்டேனியல் என்னும் பதவிக்குரிய நினைவுப் படிகத்தின் வழியாகப் பிற்பாடு ஊட்டப்பட்டது. என்னை உலுக்கிய இடமும் அதுவே, ஏனெனில் தான் பட்டறியாத துயரத்தை ஒருவன் தன்னுடையதாகவே சுமக்க நேர்கிறது.

விளையாட்டின் சத்திர அறையில், பார்த்த காட்சிகளை மீண்டும் ஓட்டிக்காட்டும் புத்தகத்தைத் திறந்து, ஹெர்மிஸ் பணியாற்றிய எல்பிஸ் என்னும் இடத்துக் காட்சிகளையும் அவற்றுக்குப் பின் ஆமோன் பேசுவதையும் வரிசையாகப் பாருங்கள்.

தன் பழைய வாழ்வை மறக்காத பண்டைக்காலத்தவரான எமெட்-செல்க்கை மட்டும் இதற்குச் சான்றாக எடுக்க வேண்டாம். உலகம் பிளவுண்டபோதும் பிளவுபடாமல் தப்பியவர் அவர், ஆகவே மறக்க வேண்டிய நிலையே அவருக்கு ஏற்படவில்லை.