கரியைப் பட்டினியாகப் புதைக்காதீர்கள்

கேள்வி: எங்கள் சமூகத் தோட்டத்தில் எனக்கு ஒரு பாத்தி கிடைத்திருக்கிறது. முருங்கைக் கிளை, தேங்காய் மட்டை, காய்ந்த பாண்டான் இலை என்று நிறையச் சேர்கிறது. பழைய பால்மாவு டின்னில் போட்டு, வீட்டுத் தாழ்வாரத்திலேயே கருக்கி, மண்ணில் சேர்க்கும் கரியான பயோசார் செய்யலாமா? இல்லை, கடைக் கரியைப் பொடித்துப் போட்டால் போதுமா?
– வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: சகோதரி, டின் யோசனையை இப்போதே விட்டுவிடுங்கள். காற்று அதிகம் படாமல், பெரும்பாலும் 350 முதல் 700 டிகிரி வரை சூடாக்கினால்தான் பயோசார். அப்போது தாரும் எரியும் வாயுவும் புகையோடு கிளம்பும். பெரிய உலைகளில் அந்த வாயுவை எரித்து வெப்பம் எடுப்பார்கள், புகையைக் குளிரவைத்து மர வினிகரும் எடுப்பார்கள். வீவக அடுக்குமாடித் தாழ்வாரத்தில் அந்தப் புகை பக்கத்து வீட்டுக் குழந்தையின் மூச்சுக்குத்தான் போகும். தீப்பிடித்தால் எல்லாரும் ஓட வேண்டிய வழியும் அதுதான்.

பார்பிக்யூ கரிக்கட்டியும் வேண்டாம். அதில் பசை கலந்திருக்கும், சிலவற்றில் பற்றவைக்கும் மருந்தும் உண்டு. நர்சரியில் பயோசார் என்று கேட்டே வாங்குங்கள்.

வாங்கியதை அப்படியே கொட்டிவிடாதீர்கள். முதல் தடவை நான் அதைத்தான் செய்தேன். இரண்டு வாரத்தில் என் தண்டுக்கீரை வெளுத்துப்போனது, பார்க்கவே மனசு கேட்கவில்லை. கரி முழுக்க நுண்ணிய துளைகள். அவை வெறுமையாக இருந்தால் மண்ணிலுள்ள தழைச்சத்தைக் கரியே பிடித்து வைத்துக்கொள்ளும். இப்போது முதலில் கரிக்குச் சாப்பாடு போடுகிறேன்: ஒரு வாளி கரி, ஒரு வாளி மட்கிய உரம், தூசி பறக்காதபடி அரிசி கழுவிய தண்ணீர். பிழிந்த துணி மாதிரி ஈரமாக, மூன்று வாரம் மூடி வைப்பேன். அப்புறம் பத்துப் பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு.

இவ்வளவு பாடு எதற்கு என்றால், நம் ஊர் மழை சத்தையெல்லாம் அரித்துக்கொண்டு போய்விடுகிறது. உண்டு வளர்ந்த கரி அதைப் பிடித்து வைக்கும். அமேசான் காட்டில் பழங்குடியினர் கரி சேர்த்து உருவாக்கிய கறுப்பு மண், பல நூற்றாண்டுகள் கழித்தும் வளமாகவே இருக்கிறது.

உங்கள் முருங்கைக் கிளையையும் பாண்டானையும் சின்னதாக நறுக்கி மட்க விடுங்கள். மட்டை மட்க வருடக்கணக்காகும், அதைப் பிய்த்துப் பாத்தியின் அடியில் போடுங்கள்.

ஒன்று மறந்துவிட்டேன். இட்லிப்பூச் செடி இருந்தால் அதன் பக்கம் கரி வேண்டாம். அதற்கு அமிலத்தன்மை உள்ள மண்தான் பிடிக்கும், கரியோ பெரும்பாலும் காரத்தன்மை உடையது.