வாசகர் கேள்வி – பதில்

பாரிஸில் ஆசியக் கலைப்பொருள்களுக்கென்றே இருக்கும் 'கிமே' அருங்காட்சியகம் யாருடைய பணத்தில் வந்தது? – வாசகி, மதுரை

நீலப்பொடிப் பணத்தில்! எமீல் கிமே (1836–1918) பிரான்ஸின் லியோன் நகரைச் சேர்ந்த ஆலை அதிபர். 'லாபிஸ்' என்ற நீலக் கல்லை அரைத்து எடுத்த, வைடூரியம் போல விலை சொன்ன நீலத்துக்கு மாற்றாக, 'அல்ட்ராமரின்' என்ற அந்த நீலப்பொடியைச் செயற்கையாகச் செய்து, 1828-இல் 6,000 பிராங்க் பரிசு வாங்கியவர் இவருடைய அப்பா. மகன் ஆலையைப் பெருக்கினார். 1876-இல் ஜப்பான், சீனா, இந்தியா என்று சுற்றி, சிலைகளும் நூல்களும் சேர்த்தார். 1879-இல் லியோனில் திறந்த அருங்காட்சியகத்துக்குக் கூட்டம் வரவில்லை. சேகரிப்பை அரசுக்குக் கொடுத்து, 1889-இல் பாரிஸில் திறக்க வைத்தார். இயக்குநர் பதவியை மட்டும் விடவில்லை. கெட்டிக்காரர்!

அந்த நீலத்தை எப்படிச் செய்வார்கள்? வெள்ளைத் துணிக்குப் போட்டால் சில சமயம் ஏன் அந்த நீல நிறம் போய்விடுகிறது? – வாசகர், ஈரோடு

வெண்களிமண், சோடா, கந்தகம், கரி நான்கையும் நைசாக அரைத்துக் கலந்து, மூடிய மூசையில் (சூடு தாங்கும் கலத்தில்) சுமார் 750 டிகிரி வரை சுடுவார்கள். காற்றுப் படாதவரை பச்சையாகவே இருக்கும். பிறகு சூடு குறைத்து, காற்று விட்டு வறுத்தால்தான் நீலம் வரும். அப்புறம் உப்புப் போகக் கழுவி, அரைத்து, சலிப்பார்கள். களிமண்ணில் இரும்பு இருந்தால் நிறம் மங்கும். சுண்ணாம்பு, சோப்பு, வெயிலுக்கு இந்த நீலம் அசையாது. அமிலம்தான் எமன்: எலுமிச்சைச் சாறோ வினிகரோ பட்டால் நிறம் போய், அழுகிய முட்டை வாடை அடிக்கும்.