சுண்டல் ஊசிப்போகாமல் இருக்க

கேள்வி: எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் நவராத்திரியில் ஒரு நாள் உபயம் எங்களுடையது. போன வருடம் நூறு பேருக்குச் செய்த கொண்டைக்கடலைச் சுண்டல், இரவு பூஜை முடிவதற்குள் ஊசிப்போய்விட்டது. எங்கே தவறு?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: ஊறவைத்த நேரத்தையும் தேங்காயையும்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும், அம்மா. முதல் நாள் இரவே ஊறப்போட்டால் மாலைக்குள் பதினெட்டு மணி நேரம் ஆகிவிடும். நம் ஊர்ப் புழுக்கத்தில் தண்ணீர் நுரைத்துப் புளிப்பு வாடை வந்துவிடும். விடியற்காலை 5 மணிக்கு ஊறப்போடுங்கள். நடுவில் ஒருமுறை தண்ணீர் மாற்றி, 3 மணிக்கு வேகவையுங்கள். நூறு பேருக்கு 3 கிலோ போதும், வெந்தால் இரு மடங்குக்கு மேல் வரும்.

இரு விரலால் நசுக்கினால் மசிய வேண்டும், தோல் கழலக்கூடாது. நைவேத்தியத்தை ருசி பார்க்க முடியாதே! அதனால் கடலை வெந்தபின், ஊறப்போடும் முன் இருந்த எடைக் கணக்கில் கிலோவுக்குத் தலைதட்டிய 4 டீஸ்பூன் உப்பு என அளந்து போடுங்கள்.

நீரை ஒட்ட வடித்து, கடுகு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்துப் பிரட்டி, அகலத் தாம்பாளத்தில் பரப்பி ஆறவிடுங்கள். சூட்டோடு மூடினால் மூடியில் கோத்த ஆவி நீர் திரும்பச் சொட்டும், அதுவே கெடுக்கும். கிலோவுக்கு ஒரு தேங்காய். காலையில் சந்தையில் துருவி வாங்கியது மாலைக்குள் புளித்துவிடும். முழுக் காயாக வாங்கி, கோயிலிலேயே துருவி, தீபாராதனைக்குச் சற்று முன் கலந்தால் போதும்.