எம்ஐடி உரிமத்தில் நான் வெளியிட்ட நிரலை ஒரு நிறுவனம் எடுத்துக் காசாக்குகிறது. இது நியாயமா? நிரலைப் பகிர்பவர் மூலநிரலையும் தர வேண்டும் என்னும் ஜிபிஎல் உரிமத்தைப் போட்டிருக்க வேண்டுமா?

சட்டப்படி உங்களால் செய்யக்கூடியது அநேகமாக ஒன்றுமில்லை. விற்கவும் மாற்றவும் எம்ஐடி உரிமம் வெளிப்படையாகவே அனுமதிக்கிறது. பதிலுக்கு அது கேட்பது, பதிப்புரிமைக் குறிப்பையும் உரிம வாசகத்தையும் நீக்கக்கூடாது என்பது மட்டுமே. நான் வழக்கறிஞன் அல்லன். உங்கள் இடத்தில் ஒருமுறை நின்றவன், அவ்வளவுதான்.

நங்கநல்லூர் வீட்டில், அலுவலகம் முடிந்து வந்த இரவுகளில், பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்புகளை, இன்று எல்லாக் கணினிகளும் படிக்கும் ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றும் சிறு நிரல் ஒன்றை எழுதி, அதிகம் யோசிக்காமல் எம்ஐடியில் வெளியிட்டேன். இரண்டு ஆண்டுகள் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை மாலை, பெருங்குடியிலுள்ள ஒரு நிறுவனத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. பக்கத்துக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கி ஆவணங்களை மாற்றித் தரும் அவர்களுடைய இணையச் சேவையில் ‘தெளிவு’ என்ற சொல் சிதைந்து வருகிறதாம். வாடிக்கையாளர் கோபமாக இருக்கிறாராம். திங்கட்கிழமைக்குள் சரிசெய்ய வேண்டுமாம். பாமினியில் ஔகாரக் குறியின் பின்பாதிக்கும் ளகரத்துக்கும் ஒரே விசைதான். ‘மௌனம்’ என்பதைச் சரியாக மாற்றிய என் நிரல், ‘தெளிவு’ என்பதிலும் ‘தௌ’ இருப்பதாக எண்ணிக்கொண்டு, மிஞ்சிய இகரக் குறியை அந்தரத்தில் தொங்கவிட்டிருந்தது.

பிழை என்னுடையது, மறுக்கவில்லை. அவர்களுடைய தளத்தின் ‘எங்களைப் பற்றி’ பக்கத்தின் அடியில் என் பெயரும் உரிம வாசகமும் ஒழுங்காக இருந்தன. உரிமம் கேட்டதை அவர்கள் முழுமையாகச் செய்திருந்தார்கள். அதுதான் என்னை அதிகம் எரிச்சலூட்டியது. பணத்துக்கு அலைகிறான் என்று எழுத நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: அவர்கள் சம்பாதித்ததில் எனக்கு வருத்தமில்லை. எந்த உத்தரவாதமும் இல்லை என்று பெரிய எழுத்தில் சொல்லும் அதே உரிமத்தின் கீழ் எடுத்துக்கொண்டு, சம்பளம் வாங்கும் ஊழியனிடம் கேட்பதுபோலக் கெடு வைத்ததில்தான் வருத்தம். 2014இல் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற திறமூல மறையாக்க மென்பொருளில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தபோது, உலகின் பெரும்பகுதி இணையத்தளங்கள் நம்பியிருந்த அந்தத் திட்டத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர்தான் நன்கொடையாக வந்துகொண்டிருந்தது என்பது தெரியவந்தது. பெரிய நிறுவனங்கள் அதன்பிறகுதான் பணப்பையைத் திறந்தன.

ஜிபிஎல் போட்டிருந்தால் காப்பாற்றியிருக்குமா என்கிறீர்கள். என் விஷயத்தில் காப்பாற்றியிருக்காது. நிரலைப் பிறருக்கு விநியோகிக்கும்போதுதான் மூலநிரலைத் தரும் கடமையை ஜிபிஎல் விதிக்கிறது. தன் வழங்கியிலேயே (சர்வர்) ஓட்டி விளைவை மட்டும் விற்பவரை அது தொடுவதில்லை. அந்த இடைவெளியை அடைக்கவே 2007இல், ஜிபிஎல்லின் இணையச் சேவைகளுக்கான வடிவமான ஏஜிபிஎல்லின் மூன்றாம் பதிப்பு வந்தது. அதிலும்கூட, மாற்றம் செய்தவர்தான் தன் மாற்றங்களைப் பயனர்களுக்குத் திறந்து காட்ட வேண்டும். பணம் தர வேண்டும் என்று எந்தத் திறமூல உரிமமும் சொல்லாது. ஆனால் பதிப்புரிமை உங்களிடம் இருப்பதால், ஏஜிபிஎல் வேண்டாம் என்பவருக்குத் தனி உரிமம் விற்கலாம். பிறர் அனுப்பும் திருத்தங்களை ஏற்கும் முன்பே இதற்கு எழுத்துமூலம் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள்; பிறகு வாங்குவது பெரும்பாடு. உரிமத்தை மாற்றினாலும், ஏற்கெனவே எம்ஐடியில் போன பதிப்பைத் திரும்பப் பெற முடியாது. 2024 மார்ச்சில் ரெடிஸ் என்ற தரவுத்தள மென்பொருள் தன் உரிமத்தை இறுக்கியதும், பழைய பதிப்பிலிருந்து வால்கீ என்ற கிளை அதே மாதம் பிறந்துவிட்டது.

நான் அந்த மின்னஞ்சலுக்கு, பராமரிப்புக்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய் என்று விலைப்புள்ளி அனுப்பினேன். மூன்று வாரம் கழித்துக் கணக்குப் பிரிவு ஜிஎஸ்டி எண் கேட்டது. சேவை வழங்குவோருக்குப் பொதுவாக ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம் என்று விளக்கினேன். எண் இல்லாதவரை விற்பனையாளராகச் சேர்க்கத் தங்கள் மென்பொருளில் வழியில்லை என்றார்கள். ஒரு தனிமனிதருக்கு 30,000 ரூபாய் கொடுக்க இயலாத நிறுவனம், அவர் எழுதியதை இலவசமாக எடுத்துக்கொள்ள மட்டும் ஒரு படிவமும் நிரப்ப வேண்டியிருக்கவில்லை.

பிழையைப் பின்னர் சரிசெய்தேன். திருத்தம் உள்ள புதிய பதிப்பு ஏஜிபிஎல்லில் இருப்பதால் அவர்கள் அதைத் தொடவில்லை. போன வாரம் சோதித்துப் பார்த்தபோதும் அவர்களுடைய சேவையில் ‘தெளிவு’ சிதைந்தே வந்தது.