மணி பிளாண்ட்டுக்கு வயதாகிவிட்டதா?

கேள்வி: திருத்துறைப்பூண்டியில் வசிக்கிறோம். பல வருடங்களாக ஜன்னலோரம் பாட்டில் தண்ணீரில் நிற்கும் எங்கள் மணி பிளாண்ட்டின் அடி இலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன. புது இலைகள் வெற்றிலைக் கொழுந்து அளவுகூட இல்லை. “செடிக்கு வயதாகிவிட்டது, காற்றைச் சுத்தப்படுத்தும் புது ரகம் 450 ரூபாய்” என்கிறார் நர்சரிக்காரர். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். நுனியை வெட்டி வைத்தால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிற கொடி இது. வயதாகிவிட்டது என்பது வியாபாரப் பேச்சு. உங்கள் செடிக்கு வந்திருப்பது பசி. வெறும் தண்ணீரில் சத்து ஏது? அடி இலைகளில் உள்ள தழைச்சத்தை உருவி நுனிக்கு அனுப்பித்தான் இத்தனை காலம் பிழைத்திருக்கிறது. மஞ்சள் அடியிலிருந்து தொடங்குவது அதனால்தான்.

இரண்டு மூன்று கணு இருக்கும்படி நுனித் துண்டுகளை நறுக்குங்கள். கணுவைத் தடவிப் பாருங்கள். பழுப்பு நிறத்தில் மரு போல ஒன்று விரலில் இடறும். வேர் அங்கிருந்துதான் வரும். கணு இல்லாத இலைக்காம்பை நட்டால் மாதக்கணக்கில் பச்சையாக நிற்கும், கொடி மட்டும் வராது. வயல் களிமண்ணை அப்படியே தொட்டியில் போடாதீர்கள். ஐப்பசி மழையில் இறுகி வேரை அழுகவைத்துவிடும். பாதி மண், பாதி தென்னை நார்க் கழிவு, மக்கிய சாண எரு கொஞ்சம், தொட்டியின் அடியில் துளை: இவ்வளவு போதும். விரலை விட்டுப் பார்த்து, மேல்மண் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர்.

எந்தத் தண்ணீர் என்பதில்தான் உங்கள் பக்கத்தில் சிக்கல். கடலோரத்தை நெருங்க நெருங்கப் பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. இலை முழுவதும் மஞ்சளாகாமல் நுனியும் ஓரமும் மட்டும் கருகினால், தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்தால், பசியைவிட உப்பையே சந்தேகிக்க வேண்டும். அந்த நிலையில் உரம் போட்டால் உப்போடு உப்பு சேரும். அதைவிட மோசம், வீட்டு ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரை ‘வீணாக்கக் கூடாது’ என்று செடிக்கு ஊற்றுவது. உங்கள் குடிதண்ணீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. தரை கழுவுங்கள், செடிக்கு வேண்டாம். மழைத் தண்ணீரைக் குடத்தில் பிடித்து வையுங்கள். தென்னை நார்க் கழிவிலும் உப்பு உண்டு; இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசிப் பிழிந்த பிறகே கலக்க வேண்டும். கட்டியாக விற்பவர் இதை உறையில் அச்சிட்டால் என்ன குறைந்துவிடும்? தண்ணீரைச் சோதிக்கலாம் என்று வேளாண் அலுவலகத்துக்குப் போனால் எத்தனை ஏக்கர் என்பதுதான் முதல் கேள்வி. ஒரு தொட்டிக்காரருக்குப் பதில் சொல்ல அங்கே ஆள் இல்லை. ஆர்.ஓ. சர்வீஸுக்கு வருபவரிடம் உள்ள, தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆயிரத்தைத் தாண்டினால் அந்தத் தண்ணீரை விட்டுவிடுங்கள்.

‘காற்றைச் சுத்தப்படுத்தும் ரகம்’ என்று தனியாக ஒன்றும் இல்லை. செடிகள் காற்றிலுள்ள நச்சு வாயுக்களை நீக்கும் என்று 1989இல் நாசா வெளியிட்ட ஆய்வு காற்றுப் புகாத சிறு பெட்டிகளுக்குள் நடந்தது. அதைக் காட்டி முப்பது வருடத்துக்கும் மேலாகச் செடி விற்கிறார்கள். ஜன்னலைத் திறந்து வைப்பதற்கு ஈடாக வேண்டுமானால் ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது பத்துச் செடியாவது வேண்டும் என்று 2019இல் ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். வீட்டில் நடக்க இடம் இருக்காது.

இந்தச் செடியின் அழகு வேறு இடத்தில் இருக்கிறது. பசிபிக் தீவான மூரியாவில் மரமேறி வளர்ந்த கொடி இது. நம் கொல்லைகளில் தென்னையைப் பற்றி ஏறி, முறம் போன்ற இலையோடு, ஓரம் கிழிந்து தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள்; அது உங்கள் பாட்டில் செடியேதான். தொங்கவிட்டால் இலை சிறுக்கும், ஏறவிட்டால் பெருக்கும். அந்தப் பெரிய இலைத் துண்டை ‘ராட்சத ரகம்’ என்று தனி விலைக்கு விற்பவர்களும் உண்டு. வாங்கி வந்து தொங்கவிட்டால் பழையபடி சிறுத்துவிடும். ஒரு மூங்கில் கழியில் தேங்காய் நார்க் கயிற்றை நெருக்கமாகச் சுற்றித் தொட்டியில் ஊன்றுங்கள். கயிற்றை ஈரமாக வைத்திருந்தால் கணு வேர்கள் தானாகப் பற்றிக்கொள்ளும். ஜன்னல் வெளிச்சம் வேண்டும். உச்சி வெயில் நேராகப் பட வேண்டாம்.

நறுக்கிப் போட்ட இலை தண்டுகளை ஆடு மாடு வாய் வைக்கும் இடத்தில் கொட்டாதீர்கள். இதில் கால்சியம் ஆக்சலேட் என்ற உப்பின் நுண்ணிய ஊசிகள் இருப்பதால் மென்றால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும். வீட்டில் பூனையோ தவழும் குழந்தையோ இருந்தால் தொட்டியையும் எட்டாத உயரத்தில் வையுங்கள்.