இடித்துக் கட்டப் போகிறார்களா? காலி செய்யும் முன் எழுதி வாங்க வேண்டியவை

கேள்வி: அரசு கட்டிய நான்கு மாடிக் குடியிருப்பில் வாடகைக்கு இருக்கிறோம். கட்டடம் பழசாகிவிட்டது, இடித்துவிட்டுப் பத்து மாடி கட்டுகிறோம், எல்லோருக்கும் வீடு உண்டு என்று சொல்லி ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள். போடலாமா?

பதில்: படிவத்தில் நான்கு விஷயங்கள் இருந்தால் போடலாம்: உங்கள் இப்போதைய வீட்டு எண், புதிய வீட்டின் உள் அளவு, புதிய வாடகை, ஒப்படைக்கும் தேதி. இதில் ஒன்று குறைந்தாலும் பொறுங்கள். கட்டடம் இடிபடுவதால் மட்டும் யாருக்கும் வீடு போய்விடுவதில்லை. காலி செய்து போன நாளுக்கும் திரும்பி வர வேண்டிய நாளுக்கும் நடுவில்தான் போகிறது.

அமெரிக்காவில் பழைய அரசுக் குடியிருப்புகளை இடித்துக் கட்ட 1992இல் தொடங்கிய ஹோப் சிக்ஸ் திட்டத்தைப் பாருங்கள். ஒரு வீட்டை இடித்தால் பதிலுக்கு ஒரு வீடு கட்டியாக வேண்டும் என்ற விதியையே 1998இல் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். திரும்பி வரக் கேட்டவர்களிடம் பல இடங்களில் வேலை, கடன் வரலாறு, பழைய பாக்கி எல்லாம் துருவப்பட்டன. அதனால் உங்கள் படிவத்தில் 'தகுதியுள்ள குடும்பங்கள்' என்ற சொல் வந்தால், தகுதி என்னவென்று இப்போதே எழுத்தில் கேளுங்கள். வாடகை பாக்கி இருந்தால் கட்டிவிட்டு, பாக்கியில்லை என்று சான்று வாங்குங்கள்.

அடுத்து, யார் யார் குடியிருக்கிறார்கள் என்று எடுக்கும் கணக்கெடுப்புப் பட்டியல். குடும்பத் தலைவர் பெயர் மட்டும் பதிந்திருந்தால், ஒரே வீட்டில் இருக்கும் கல்யாணமான மகன் குடும்பத்துக்குத் தனி வீடு கிடையாது. தலைவர் இடையில் இறந்தால் வாரிசுச் சிக்கலும் சேரும். எல்லாப் பெயரையும் பதியச் சொல்லி, அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள்.

அளவு விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். '30 சதுர மீட்டர் வீடு' என்பார்கள். வெளிப்பக்கமாக 5க்கு 6 மீட்டர் என்றால் 30தான். சுற்றுச்சுவர் 23 சென்டிமீட்டர் கனம் என்று வையுங்கள். உள்ளே கிடைப்பது 4.54க்கு 5.54, அதாவது ஏறக்குறைய 25. உள்தடுப்புச் சுவர்களையும் கழித்தால் இன்னும் குறையும். பொது நடை, படிக்கட்டுப் பங்கையும் சேர்த்துச் சொல்லும் வழக்கம் வேறு இருக்கிறது. இப்போதிருக்கும் வீட்டை டேப் வைத்துச் சுவருக்குச் சுவர் அளந்து, வரைபடத்திலும் அதே முறையில் கணக்குப் போட்டு ஒப்பிடுங்கள்.

வாடகையில் வார்த்தை விளையாட்டு உண்டு. இங்கிலாந்தில் 'கட்டுப்படியாகும் வாடகை' என்ற வகை சந்தை வாடகையில் 80 சதவீதம் வரை போகலாம். உள்ளாட்சி வீடுகளுக்கு இருந்துவரும் பழைய 'சமூக வாடகை' அதைவிட வெகுவாகக் குறைவு. லண்டன் ஹெய்கேட் குடியிருப்பில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளை இடித்து, இரண்டாயிரத்துக்கும் மேல் புதிதாகக் கட்டத் திட்டமிட்டார்கள். அதில் சமூக வாடகைக்கு ஒதுக்கியது சுமார் நூறுதான். ஆகவே 'குறைந்த வாடகை' என்ற பெயரை நம்பாதீர்கள், தொகையையும் ஆண்டுக்கு எவ்வளவு ஏறும் என்பதையும் கேளுங்கள்.

வாடகையோடு பராமரிப்புச் செலவும் வரும். நான்கு மாடியில் லிஃப்ட் இல்லாமலே காலம் ஓடியது. பத்து மாடியில் லிஃப்ட், நீரேற்றும் மோட்டார், தீயணைப்புக் குழாய், ஜெனரேட்டர் எல்லாவற்றுக்கும் மாதாமாதம் செலவு. அதை யார் தருவது, பாதி வீடுகள் காலியாகக் கிடந்தால் அந்தப் பங்கு யார் தலையில் விழும்? இதற்குப் பதில் இல்லாத இடங்களில் முதலில் நிற்பது லிஃப்ட்தான். எட்டாவது மாடி முதியவர் வீட்டோடு முடங்கிப்போவார். முதியோர், மாற்றுத்திறனாளிகளுக்குக் கீழ்த்தளங்களைக் குலுக்கலுக்கு முன்பே ஒதுக்கச் சொல்லுங்கள். வாசலில் இட்லி, தையல், இஸ்திரி என்று பிழைப்பவர்கள் கடைக்கும் இடம் கேட்க வேண்டும். புதிய கட்டடத்தில் தரைத்தளம் பெரும்பாலும் வண்டி நிறுத்தப் போய்விடும்.

முடிந்தால் ஒரே முறை இடம் மாறும் ஏற்பாட்டுக்கு வாதாடுங்கள்: காலி இடத்தில் முதல் கட்டடம், அதில் முதல் பிளாக் மக்கள், அப்புறம் இடிப்பு. சிங்கப்பூர் 1995 முதல் வீட்டு உரிமையாளர்களுக்குச் செய்தது கிட்டத்தட்ட இதுதான், பக்கத்திலேயே மாற்றுவீடு கட்டிய பிறகு இடித்தார்கள். அங்கும் 2022இல் ஆங் மோ கியோவில், இழப்பீடு போதாமல் கைக்காசு போட வேண்டியிருக்கிறதே என்று மக்கள் கொதித்தார்கள். லண்டனில் 2018 முதல், மேயர் நிதி பெறும் பெரிய இடிப்புத் திட்டங்களுக்குக் குடியிருப்போர் வாக்கெடுப்பு கட்டாயம். உங்கள் ஊரில் அப்படி விதி இல்லாவிட்டாலும், தனித்தனியாகக் கையெழுத்துப் போடாமல் சங்கமாகப் பேசினால் பேரம் நிற்கும்.

புது வீடு வரும்வரை வெளியே வாடகைக்கு இருக்கத் தரும் படியை மொத்தமாக வாங்குவதில் ஆபத்து இருக்கிறது. கட்டுமானம் தாமதித்தால் மிச்ச மாதங்கள் உங்கள் செலவு. சாவி தரும் நாள்வரை மாதாமாதம் என்றும், வீட்டு அட்வான்ஸும் இரண்டு முறை சாமான் ஏற்றிச்செல்லும் செலவும் தனி என்றும் எழுதச் சொல்லுங்கள்.

போகும்போது மின் இணைப்பை முறைப்படி மூடி ரசீது வாங்குங்கள். ஒதுக்கீட்டு ஆணையின் அசலை யாரிடமும் கொடுக்காதீர்கள், நகல் போதும். தற்காலிக முகவரியை எழுத்தில் தந்து, நகலில் முத்திரை வாங்குங்கள். வேறிடம் மாறினால் மறுபடியும் தாருங்கள். ஒதுக்கீட்டுக் கடிதத்தில் பெரும்பாலும் 'இத்தனை நாளுக்குள் வராவிட்டால் ரத்து' என்று இருக்கும். அந்தக் கடிதம் பழைய முகவரிக்குப் போனால், அங்கே வாங்கிக்கொள்ளக் கதவே இருக்காது.